நான்காவது அசைவு

எங்கள் கராத்தே வகுப்பில் பெண் பிள்ளைகளைச் சேர்க்க வரும் அம்மாக்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "ஏங்க்கா, எத்தன மாசத்துல அடிக்கக் கத்துக்கும்?" கேட்டுவிட்டு மகளின் தோளில் கையை வைத்தபடி நிற்பார்கள். அந்தக் கேள்விக்குள் இருக்கும் பயம் எனக்கு நன்றாகத் தெரியும். பதினோரு வருடத்துக்கு முன்னால் நானும் அதே கேள்வியோடுதான் போய் நின்றேன். மகளுக்காக இல்லை, எனக்காக.

வகுப்பு நடக்கும் நெல் களத்து ஓரத்தில் நின்று இரண்டு நிமிடத்தில் அதற்குப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மன்னார்குடியில் ஒரு மெடிக்கலில் வேலை பார்க்கிறேன். கடை அடைத்துக் கணக்கு முடிக்க ராத்திரி ஒன்பது தாண்டிவிடும். கடைசி டவுன் பஸ்ஸைப் பிடித்து, எங்கள் ஊர் நிறுத்தத்தில் இறங்கி முக்கால் கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல், நடுவில் ஒரு வண்டி போகிற அகலத்துக்குச் சாலை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நடந்த வழி. வீட்டுக்காரர் சிங்கப்பூரில். எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு வீட்டில் இந்தக் கதைதான். வீட்டில் நானும் அத்தையும் பையனும்.

2013 ஐப்பசியில் ஒரு ராத்திரி. மழை பெய்து ஓய்ந்திருந்தது. கரண்ட் இல்லை. எதிரே ஒருவன் தள்ளாடி வந்தான். தெரிந்த முகமா என்று நான் பார்ப்பதற்குள் என் வலது மணிக்கட்டைப் பிடித்துவிட்டான். என்னவோ சொன்னான். சாராய வாடையும் அவன் விரல்களின் ஈரமும்தான் நினைவில் இருக்கின்றன, சொன்னது நினைவில் இல்லை. நான் கத்தவில்லை. கையை இழுக்கவில்லை. மரம் மாதிரி நின்றேன். தூரத்தில் ஒரு பைக் வெளிச்சம் திரும்பியதும் அவனாகக் கையை விட்டுவிட்டுப் போய்விட்டான்.

அவ்வளவுதான் நடந்தது. வீட்டுக்குப் போனதும் அத்தை, "ஏன் இவ்ளோ நேரம்?" என்றார். "பஸ் லேட்டு அத்தை" என்றேன். யாரிடமும் சொல்லவில்லை. அவன் பிடித்ததைவிட, நான் ஏன் கத்தவில்லை என்பதுதான் மாதக்கணக்கில் என்னைத் தின்றது. திடீர்ப் பயத்தில் உடம்பு உறைந்துபோவது சாதாரணமாக நடக்கக்கூடியது, அது கோழைத்தனமும் இல்லை சம்மதமும் இல்லை என்று இன்றைக்கு யாரிடமும் சொல்வேன். அன்றைக்கு எனக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை.

அடுத்த வருடம் ஒரு கராத்தே வகுப்பில் சேர்ந்தேன். பெயர் சொல்ல விரும்பவில்லை. ஆறு மாதம் போனேன். இரண்டு மாதத்துக்கு ஒரு பெல்ட் தேர்வு, ஒவ்வொரு தேர்வுக்கும் தனியாகப் பணம், சான்றிதழுக்கு இன்னொரு பணம். வெள்ளையிலிருந்து மஞ்சள், மஞ்சளிலிருந்து ஆரஞ்சு. ஆண்டு விழாவில் ஓடு உடைத்துக் காட்டினோம், கைதட்டினார்கள். ஆனால் அந்த ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட யாரும் என் மணிக்கட்டைப் பிடித்து, "இப்ப என்ன பண்ணுவே?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுபடியும் மரம் மாதிரித்தான் நின்றிருப்பேன், இடுப்பில் ஆரஞ்சு பெல்ட்டோடு. பயந்து வருகிற பெண்ணிடம் பொய்யான தைரியத்தை விற்பது பெரிய பாவம் என்று நான் நினைக்கிறேன். வெறும் கையோடு அனுப்பினால்கூட அவள் ஜாக்கிரதையாக இருப்பாள்.

அப்புறம்தான் மாஸ்டர் கிடைத்தார். எங்கள் ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டரில் லேத் பட்டறை வைத்திருப்பவர். சென்னையில் வேலை பார்த்த காலத்தில் கராத்தேயின் ஷோட்டோகான் பாணியைப் பல வருடம் முறையாகப் படித்தவர். அவருக்கு ஹாலும் கிடையாது, போர்டும் கிடையாது. நெல் காய வைக்கும் சிமெண்ட் களம்தான் வகுப்பு. காலை ஐந்தரை மணி. பன்னிரண்டு பிள்ளைகள், முப்பத்து மூன்று வயதில் நான். என்னை அக்கா என்று கூப்பிட்டார்கள். ஒரு பொடியன் மட்டும் அத்தை என்றான்.

எத்தனை மாதத்தில் அடிக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று கேட்டேன். "மொதல்ல நிக்கக் கத்துக்குவோம்மா" என்றார்.

மூன்று மாதம் நின்றேன். ஜென்குட்சு தாச்சி என்றால் முன்கால் மடங்கி, பின்கால் நீண்டு, பின் குதிகால் தரையை விட்டு எழாமல் நிற்பது. கிபா தாச்சி என்றால் குதிரை மேல் உட்கார்ந்த மாதிரி நிற்பது. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். கிபா தாச்சியில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள், தொடை தானாக நடுங்கும். ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது காலைத் தூக்கி வைக்கக் கூடாது. தரையைத் தடவிக்கொண்டே, இன்னொரு காலுக்குப் பக்கத்தில் வந்து, பிறகு வெளியே போக வேண்டும். எனக்கு இது வரவே இல்லை. மாஸ்டர் ஒரு நாள், "மழையில வரப்பு மேல எப்படிம்மா நடப்பீங்க? அப்படி வாங்க" என்றார். அடுத்த எட்டு சரியாக விழுந்தது. வழுக்கும் வரப்பில் யாரும் காலை ஓங்கி வைப்பதில்லை. பெருவிரல் முதலில் மண்ணைத் தொட்டுப் பார்க்கும், நம்பிக்கை வந்த பிறகுதான் உடம்பு அதன் மேல் ஏறும். அது என் காலுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

குத்துவதும் அப்படித்தான். கையால் குத்துகிறோம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பார். வலது கை முன்னால் போகும்போதே இடது கை அதே வேகத்தில் இடுப்புக்கு வர வேண்டும். அதற்கு ஹிக்கிடே என்று பெயர். இடுப்பு திரும்புவதால் கை போகிறது, குதிகால் தரையை அழுத்துவதால் இடுப்பு திரும்புகிறது. அண்டை வெட்டுகிறவரைப் பாருங்கள். மண்வெட்டி இறங்கும் பலம் அவர் தோளில் இல்லை, கால் ஊன்றிய இடத்தில் இருக்கிறது. நாள் முழுக்கக் கையால் மட்டும் வெட்டினால் மறுநாள் எழுந்திருக்க முடியாது.

ஐந்தாவது மாதம் முதல் கட்டா. ஹெயான் ஷோடான்.

கட்டா என்றால் எதிரே ஆள் இல்லாமல், குறித்த வரிசையில், குறித்த கோட்டில் செய்யும் அசைவுகளின் தொகுப்பு. ஹெயான் ஷோடானில் 21 அசைவுகள். ஒன்பதாவதிலும் பதினேழாவதிலும் கியாய், அதாவது அடிவயிற்றிலிருந்து எழும் கத்தல். இடது பக்கம் திரும்பிக் கீழ்த்தடுப்பு, ஒரு எட்டு போய்க் குத்து, பின்னால் திரும்பி வலது கையால் கீழ்த்தடுப்பு. நான்காவது அசைவு கொஞ்சம் விநோதமானது. முன்னால் இருக்கும் வலது காலைப் பாதி தூரம் பின்னுக்கு இழுத்து, உடம்பை நிமிர்த்தி, அதே வலது கையைத் தன் பக்கமாக இழுத்து, இடது தோள் பக்கம் ஒரு வட்டம் சுற்றி, முஷ்டியின் அடிப்பக்கத்தால் மேலிருந்து இறக்க வேண்டும். அந்த அடிக்கு ஜப்பானியப் பெயர் தெத்சுய். இரும்புச் சம்மட்டி என்று அர்த்தம்.

இதை நான் ஒரு நடன அசைவு போலச் செய்துகொண்டிருந்தேன். இரண்டு வாரம் பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டர், ஒரு நாள் மூன்றாவது அசைவில் என்னை நிறுத்தினார். "கையப் பிடிக்கட்டுமாம்மா?" என்று கேட்டுவிட்டு, நீட்டியிருந்த என் வலது மணிக்கட்டைப் பிடித்தார். "இப்ப நாலாவது செய்யுங்க."

எனக்கு மூச்சு நின்றது. அதே கை, அதே இடம். அவருக்கு ஒன்றும் தெரியாது, நான் சொல்லியிருக்கவில்லை. கையை மட்டும் வெடுக்கென்று இழுத்தேன். வரவில்லை. "கையை விடுங்க, காலை இழுங்க" என்றார். காலைப் பின்னுக்கு இழுத்தேன், உடம்பு நிமிர்ந்தது, கை தானாகத் திரும்பி அவருடைய கட்டை விரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் இருக்கும் சந்து வழியாக வெளியே வந்துவிட்டது. இழுத்த மாதிரியே இல்லை. "உங்க உடம்பு மொத்தமும் என் ஒரு கட்டை விரலோட மல்லுக்கு நிக்குது. எது ஜெயிக்கும்?" என்றார்.

அன்று அந்த ஒரு அசைவை எத்தனை தடவை செய்தேன் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் அழுதுவிட்டேன். பிள்ளைகள் கை வலிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டார்கள். மாஸ்டர் எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு மற்றவர்களை ஓடச் சொல்லிவிட்டார்.

அந்த அசைவுக்கு மணிக்கட்டு விடுவிப்பு மட்டும்தான் பொருள் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு அசைவுக்கும் பல விளக்கம் உண்டு. ஆனால் ஜப்பானின் தெற்கிலுள்ள ஒகினாவா தீவில் நூறு வருடத்துக்கு முன் பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைத்த ஒரு பாடத்தில், நான்காவது வரியிலேயே, கையை யாராவது பிடித்தால் என்ன செய்வது என்பது இருக்கிறது. அதை அமைத்தவர் அன்கோ இடோசு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கராத்தேயை ஒகினாவாவின் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோனவர் அவர். பழைய நீண்ட கட்டாக்கள் சின்னப் பிள்ளைகளுக்குக் கஷ்டம் என்று ஐந்து சிறிய கட்டாக்களை உருவாக்கினார். பினான் என்பது அவற்றின் பழைய பெயர். அவற்றை ஜப்பானின் பெருநிலத்துக்குக் கொண்டுவந்த ஷோட்டோகான் ஆசான் கிச்சின் ஃபுனாகோஷி அதே எழுத்துகளை ஜப்பானிய முறையில் ஹெயான் என்று படித்தார். அமைதி, பத்திரம் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். சண்டைக் கலையின் முதல் பாடத்துக்கு இப்படி ஒரு பெயர்.

ஃபுனாகோஷியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், எனக்கு அவர் மேல் தனிப் பிரியம் உண்டு. 1868இல் ஒகினாவாவின் ஷுரியில் பிறந்தார். நோஞ்சான் பிள்ளை. பள்ளிக்கூட வாத்தியாராக வேலை பார்த்தார். அப்போதெல்லாம் கராத்தேயை வெளியில் தெரியாமல் ராத்திரியில்தான் கற்றுக்கொள்வார்கள். விளக்கைப் பிடித்துக்கொண்டு குருவின் வீட்டுக்கு நடந்து போய், கொல்லையில் ஒரே கட்டாவை மாதக்கணக்கில் செய்திருக்கிறார். 1922இல் டோக்கியோவில் ஒரு கண்காட்சியில் செய்து காட்டப் போனபோது அவருக்கு வயது 53. திரும்பி வரவில்லை. ஒகினாவா மாணவர்கள் தங்கும் விடுதி ஒன்றில் இடம் கிடைத்தது. வாசலைப் பெருக்கி, காவல் பார்த்துக்கொண்டே கற்றுக்கொடுத்தார். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ அவருக்கு ஆதரவாக இருந்தார். இன்றைக்கு நாம் போடும் வெள்ளை உடுப்பும் பெல்ட் படிநிலைகளும் ஜூடோவிலிருந்து வந்தவை. ஐம்பத்து மூன்று வயதில் அந்நிய ஊரில் வாசல் பெருக்கத் தொடங்கிய ஒருவர் கற்றுக்கொடுத்ததைத்தான் நான் முப்பத்து மூன்றில் தொடங்கினேன். இனி வயதாகிவிட்டது என்று சொல்லும் பெண்களிடம் இதைச் சொல்வேன்.

அவர் தந்த இருபது நெறிகளில் முதலாவது, வணக்கத்தில் தொடங்கி வணக்கத்தில் முடிவது கராத்தே. இரண்டாவது, கராத்தேயில் முதல் அடி கிடையாது. தள்ளாத வயதில் ஒருவன் வழிப்பறி செய்ய வந்தபோது, குனிந்து அவன் அடியைத் தவிர்த்து, அவனை வலிக்கிற இடத்தில் பிடித்து நிறுத்திப் போலீஸிடம் ஒப்படைத்திருக்கிறார். அதைப் பெருமையாக எழுதவில்லை. இளைஞர்களிடம் செய்யாதே என்று சொல்லிக்கொண்டிருப்பதைத் தானே செய்துவிட்டதாக வருத்தப்பட்டு எழுதினார்.

வேறு இரண்டு விஷயங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், அடிக்கடி கேட்கிறார்கள். கராத்தே நம்ம காஞ்சிபுரத்துப் போதிதர்மர் கொடுத்ததுதானே என்பார்கள். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் சண்டைக் கலை கற்றுக்கொடுத்ததாகச் சொல்லும் எழுத்துகள் அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவை. கராத்தே ஒகினாவாவின் கைச்சண்டைக் கலை. தென்சீனத்து ஃபூஜியன் பக்கத்திலிருந்து வந்த குத்துவரிசைகளோடு கலந்து வளர்ந்தது. முதலில் அதைச் சீனக் கை என்று பொருள் வரும் எழுத்தில் எழுதினார்கள். அதே ஒலியுள்ள வேறு எழுத்தில், வெறுங்கை என்று எழுதும் வழக்கம் பிறகு வந்தது. 1936இல் ஒகினாவா ஆசான்கள் நாஹாவில் கூடிப் பேசி அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டார்கள். இன்னொன்று, ஆயுதம் பறிக்கப்பட்ட விவசாயிகள் சாமுராய்களை எதிர்க்க உண்டாக்கியது என்ற கதை. விவசாய ஊரில் இருப்பதால் அந்தக் கதையை நம்ப எனக்கும் ஆசைதான். நாம் பெயர் அறிந்த பழைய ஆசான்களில் பலர் அரண்மனை உத்தியோகக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

சிலம்பம் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்ட பெரியவரும் உண்டு. நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்தில் நன்றாகக் கம்பு சுற்றி வீடு கட்டி ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், சிலம்பத்தின் காலடி வரிசையைப் பார்த்தால் கட்டாவின் சொந்தக்காரர் மாதிரித் தெரியும். ஆனால் நான் கற்றுக்கொள்ள நினைத்த வருடத்தில் எங்கள் ஊர்ச் சிலம்ப வாத்தியார் பெண்களுக்குச் சொல்லித்தரவில்லை. லேத் பட்டறைக்காரர் வாங்கம்மா என்றார். அவ்வளவுதான் காரணம். இன்றைக்கு இரண்டு பக்கமும் பெண் பிள்ளைகள் ஆடுகிறார்கள், சந்தோஷம்.

சரி, தற்காப்புக்கு வருகிறேன்.

மாஸ்டரிடம் கற்றதில் எனக்கு மிகவும் உதவியது குத்தோ உதையோ இல்லை. மா-ஐ என்று ஒரு சொல் உண்டு. இரண்டு பேருக்கு நடுவில் இருக்கும் இடைவெளி. கோஹோன் குமித்தே என்ற பயிற்சியில் எதிரே நிற்பவர் எங்கே குத்தப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஐந்து எட்டு முன்னால் வந்து ஐந்து குத்து விடுவார். நாம் ஐந்து எட்டு பின்னால் போய்த் தடுத்து, கடைசியில் ஒரு பதில் குத்து. சொல்லிவிட்டுத்தானே வருகிறார், இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஒரு வருடம் செய்த பிறகு கண்ணுக்கு ஒரு அளவுகோல் கிடைக்கிறது. இவர் கை இங்கே வரை வரும், இன்னும் அரை எட்டு வைத்தால் என்னைத் தொடுவார் என்று மனம் சொல்வதற்கு முன்னால் கால் சொல்லும். 2013இல் அவன் என் கையைப் பிடித்த நொடியில் எல்லாம் தொடங்கியதாக நினைத்திருந்தேன். அதற்கு நாலு எட்டு முன்னாலேயே தொடங்கியிருந்தது. அவன் சாலையின் நடுவிலிருந்து என் பக்கம் சாய்ந்து வந்தபோது நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். விலகிப் போகலாம், சத்தம் போடலாம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. மரியாதைக் குறைவாகிவிடும் என்று பெண்களை அப்படி வளர்த்திருக்கிறார்கள்.

2019இல் ஒரு சாயங்காலம். கடையில் நான் மட்டும். ஒரு இளைஞன் வந்து சீட்டு இல்லாமல் ஒரு வலி மாத்திரை அட்டையைக் கேட்டான். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும், எந்த மாத்திரையை எதற்குக் கேட்கிறார்கள் என்று. டாக்டர் சீட்டு வேண்டும் என்றேன். குரல் உயர்ந்தது. பிறகு கவுண்ட்டர் பலகையைத் தூக்கிவிட்டு உள்ளே வந்தான்.

என் வலது கால் பின்னால் போய்விட்டது. இரண்டு கைகளும் நெஞ்சு உயரத்தில், உள்ளங்கை அவனைப் பார்த்தபடி. "அங்கேயே நில்லுங்க" என்றேன். அந்தக் குரல் என்னுடையதுதானா என்று எனக்கே ஆச்சரியம். ஐந்து வருடமாக விடியற்காலையில் களத்தில் கத்திய கியாய், மூன்று கடை தள்ளி டீக்கடையில் கேட்டிருக்கிறது. இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவன் நின்றான். என்னைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், போய்விட்டான். நான் அவனைத் தொடவே இல்லை.

அவன் போன பிறகு கை நடுங்கியது. மாத்திரை அட்டையைக் கத்தரிக்க முடியாமல் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பயம் போய்விடும் என்று எந்தப் பெண்ணிடமும் சொல்லாதீர்கள். பயம் இருந்தது, காலும் குரலும் அதைக் கேட்காமல் தங்கள் வேலையைச் செய்தன.

மறுநாள் மாஸ்டரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "எந்தக் கால் பின்னால போச்சு?" என்றார்.

"வலது கால் மாஸ்டர்."

"குதிகால் தரையில இருந்துச்சா?"

யோசித்துப் பார்த்தேன். இருந்தது.

அதனால் அம்மாக்களிடம் நான் நேராகச் சொல்வது இது. உங்கள் மகள் ஆறு மாதத்தில் யாரையும் அடிக்க மாட்டாள். கத்தக் கற்றுக்கொள்வாள், அதற்கே மூன்று மாதம் ஆகும். பெண் பிள்ளைகளுக்குக் குத்துவதைவிடக் கத்துவதுதான் கஷ்டம். தொண்டையிலிருந்து ஒரு கீச்சு வரும், உடனே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். கத்தியை வைத்துக்கொண்டிருப்பவனிடம் கட்டா எதுவும் செய்ய வேண்டாம், பையைக் கொடுத்துவிட்டு ஓடு என்றுதான் மாஸ்டரும் சொல்வார், நானும் சொல்கிறேன். அவசர உதவிக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, இரண்டு எண்ணும் மனப்பாடமாக இருக்க வேண்டும். சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை உள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. தன்னைக் காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் சேதம் செய்ய அந்த உரிமை இடம் தரவில்லை. ஃபுனாகோஷியின் இரண்டாவது நெறியிலிருந்து இது ரொம்பத் தூரத்தில் இல்லை.

பெல்ட்டைப் பற்றிக் கேட்டால், நான் கருப்பு பெல்ட் கட்ட ஏழு வருடம் ஆனது. நடுவில் ஊரடங்கு வேறு. முதல் கருப்பு பெல்ட்டுக்கு ஷோடான் என்று பெயர், தொடக்கப் படி என்றுதான் அர்த்தம். எட்டு வயதுப் பிள்ளைக்குக் கருப்பு பெல்ட் கொடுக்கும் இடத்தில் உங்கள் பணத்தைக் கட்டாதீர்கள்.

களத்துக்கு ஒரு காலண்டர் உண்டு, அது எங்கள் வகுப்புக்கும் காலண்டர். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் குறுவை வேலை தொடங்கும், பாதிப் பிள்ளைகள் தாமதமாக வருவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு கல்யாண மண்டபத்தின் திண்ணை. தை பிறந்து சம்பா அறுப்பு வந்தால் களம் நெல்லுக்கு. அப்போது ஓரத்தில் கிடைக்கும் இடத்தில் நின்ற இடத்திலேயே பயிற்சி. கராத்தே பழகும் இடத்தை டோஜோ என்பார்கள், வழியைப் பழகும் இடம் என்று பொருள். நெல் காய்கிற இடத்தில் காலைப் பழக்குவதில் எங்களுக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை.

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வந்தது. மாஸ்டர் வீட்டுத் தேக்கு விழுந்தது. தென்னந்தோப்பு வைத்திருந்தவர்களுக்கு நடந்ததைப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. கரண்ட் வரப் பல நாள் ஆனது, வகுப்பு இல்லை. கிளை வெட்டுவது, கூரைக்குத் தார்பாய் கட்டுவது என்று பெரிய பிள்ளைகள் தெருத் தெருவாகப் போனார்கள். அந்தத் தேக்கிலிருந்து அறுத்த ஒரு பலகைதான் இப்போது நாங்கள் குத்திப் பழகும் மகிவாரா. அடியில் தடிமனாகவும் மேலே போகப் போக மெலிந்தும் இழைத்து, மூன்றில் ஒரு பங்கை மண்ணில் புதைத்து நிறுத்துவது. குத்தினால் கொஞ்சம் வளைந்து கொடுத்துத் திரும்பி வரும். நம் குத்து நேராக இருக்கிறதா, மணிக்கட்டு மடங்குகிறதா என்று அது உடனே சொல்லிவிடும். குத்து விழும் இடத்தில் வைக்கோல் கயிறு சுற்ற வேண்டும். மகிவாரா என்ற பெயரே சுற்றிய வைக்கோல் என்பதுதான்.

வைக்கோலுக்கா எங்களுக்குப் பஞ்சம் என்று நினைத்தோம். மிஷின் அறுப்பில் வரும் வைக்கோல் நைந்து துண்டாக இருக்கிறது, பிரி திரிக்க வரவில்லை. கடைசியில் ஒரு பெரியவர் தன் வீட்டுத் தேவைக்குக் கையால் அறுத்த ஒரு குழித் தாளிலிருந்து எடுத்து, இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் உருட்டி உருட்டி, பத்து நிமிடத்தில் பிரி திரித்துக் கொடுத்தார். "இது எதுக்கும்மா?" என்றார். குத்துவதற்கு என்றேன். "வைக்கலையா குத்தப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு, இன்னும் இறுக்கமாகத் திரித்தார்.

புயல் அடித்த அந்த வாரம்தான் அத்தையிடம் சொன்னேன். ஐந்து வருடம் கழித்து. தண்ணீர் எடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம், தெருவெல்லாம் இருட்டு. ஏன் விடியற்காலையில் எழுந்து ஓடுகிறாய் என்று அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். வாய்க்கால் சாலையில் நடந்ததை, நான் நின்றதை, பஸ் லேட்டு என்று பொய் சொன்னதை. அத்தை ரொம்ப நேரம் பேசவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன்.

"எனக்கும் நடந்துச்சு" என்றார். "அறுப்பு முடிஞ்சு வர்றப்ப. உங்க வீட்டுக்காரன் கைப்புள்ள."

"என்ன பண்ணீங்க அத்தை?"

"கையில கருக்கருவா இருந்துச்சு. காமிச்சேன். போயிட்டான்."

அத்தையும் யாரிடமும் சொல்லவில்லை. நாற்பது வருடம். மறுநாள் விடியற்காலை நான் எழுந்திருக்கும் முன் அவர் எழுந்து டீ போட்டு வைத்திருந்தார். அதற்குப் பிறகு இன்றுவரை அந்த டீ நின்றதில்லை.

கராத்தே எனக்கு என்ன கொடுத்தது என்று கேட்டால் நான் அந்தத் திண்ணையையும் சேர்த்துத்தான் சொல்வேன். பன்னிரண்டு வயதுப் பையன், "அக்கா, தோள் ஏறுது" என்று திருத்தினால் கேட்டுக்கொள்ளும் பழக்கத்தைச் சொல்வேன். கடன் கேட்கும் சொந்தக்காரரிடம் முடியாது என்று ஒரே தடவையில் சொல்லத் தெரிந்ததைச் சொல்வேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளை மாஸ்டர் என்னிடம் விட்டிருக்கிறார். போன வாரம் ஒரு அம்மா வந்தார். ஏழாவது படிக்கும் மகள். பள்ளிக்கூடம் விட்டு டியூஷன் போய்விட்டு வரும்போது இருட்டிவிடுகிறதாம். அதே கேள்வி. எத்தனை மாதம்?

"ஒங்க கையக் கொடுங்கக்கா" என்றேன்.

தயங்கி நீட்டினார். மணிக்கட்டைப் பிடித்தேன். "இழுங்க." இழுத்தார், வரவில்லை. சிரித்தார், மறுபடி இழுத்தார். புடவைக் கொசுவத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு காலைப் பின்னால் வைக்கச் சொன்னேன். கட்டை விரல் பக்கமாகத் திருப்பச் சொன்னேன். மூன்றாவது தடவை கை விடுபட்டது. தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைக் கவனிக்கவே இல்லை. மகள் பக்கம் திரும்பி, அந்தக் கையை நீட்டி, "எங்க, நீ புடி" என்றார்.